அறுபத்து மூன்று சென்டிமீட்டர்

சந்திரம்மாளின் கால் விரலிலிருந்து மெட்டி தானாகக் கழன்று விழுந்தது ஆவணி மாதத்தில். யாரும் உருவவில்லை. கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டாள். ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு பீரோவுக்கு அடியில் போனது. ஐயோ என்று அவள் காலை உதறியதில் இன்னொன்றும் விழுந்தது. நாற்பத்தெட்டு வருஷம் அந்த விரல்களைக் கவ்விக்கொண்டு கிடந்த வெள்ளி. புருஷன் கல்லுக்குண்டு மாதிரி எதிரே நிற்கும்போது மெட்டி கழன்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் அபசகுனமாகப் படாது?

"எடுத்துப் போட்டு வுடுங்க" என்று அழுதாள். அருணகிரி பீரோவுக்கு அடியில் கையை விட்டு ஒட்டடையோடு எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டார். நிற்கவில்லை. நூல் சுற்றிப் போட்டார். அப்படியும் நிற்கவில்லை. விரலில் சதை என்று ஒன்று இருந்தால்தானே நிற்கும்.

அருணகிரிக்கு எழுபத்து நான்கு வயசு. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் லைன்மேனாக இருந்தவர். கம்பம் ஏறி ஏறி இறுகிய கெண்டைக்கால்கள் அவருக்கு. அடி அண்ணாமலையில் அந்தக் கால்களைப் பற்றி ஊரே பேசும். அதைக் கேட்டால் அவருக்கும் உள்ளுக்குள் இனிக்கும், இல்லையென்று சொன்னால் பொய். வேட்டியைக் கொஞ்சம் தூக்கித்தான் கட்டுவார்.

சித்திரையில் சந்திரம்மாள் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு எதுவும் உடையவில்லை. ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம்தான் நாலு மாதமாகிவிட்டது. எழுந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம் அவளைக் கட்டிலோடு கட்டிப் போட்டது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று சொத்துக்குச் சொல்லி வைத்தார்கள் பெரியவர்கள். படுத்துக் கிடந்தால் காலும் மாளும் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அபிநயா என்ற பிசியோ பெண் ஸ்கூட்டியில் வருவாள். இஞ்சுடேப்பைச் சந்திரம்மாளின் கெண்டைக்காலில் சுற்றிப் பார்த்து, ஒரு அட்டையில் எழுதுவாள்.

"வயசானா சதை கரையறது எல்லாருக்கும் உண்டு, தாத்தா. ஆனா நடந்துக்கினே இருந்தா மெதுவா கரையும். படுத்துட்டா ஓட்டமா ஓடிடும். பாட்டிக்கு எலும்புல ஒண்ணுமே இல்ல. இந்த நாற்காலில உக்காந்து உக்காந்து எழுந்திருக்கணும், ஒரு வேளைக்குப் பத்து வாட்டி. தெனம் ரெண்டு முட்டை. பருப்பு ஜாஸ்தி போடுங்க."

"எழுந்துக்கிறேன் கண்ணு, நாளையிலருந்து" என்பாள் சந்திரம்மாள். நாளை என்பது வரவேயில்லை. அபிநயா காட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்காத துணிதான் மலைபோல் ஏறியது.

டேப்பில் இருபத்தேழு சென்டிமீட்டர் வந்தது. பெண்களுக்கு முப்பத்து மூன்றுக்குக் குறைந்தாலே யோசிக்க வேண்டும் என்றாள் அபிநயா. "எனக்குப் புடி பாப்போம்" என்று அருணகிரி வேட்டியைத் தூக்கிக் காலை நீட்டினார். முப்பத்தாறு. "சூப்பர் தாத்தா" என்று அவள் சிரித்து, விளையாட்டாக அதையும் அட்டையின் ஓரத்தில் எழுதினாள்.

அந்த வாரம்தான் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனில் பேசினார்கள். மூத்தவன் மணிவேல் ஓசூரில், இளையவன் பிரசாத் சென்னையில். இருவருமே நல்ல பிள்ளைகள்தான்; அதனால்தான் விஷயம் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அம்மா எழுந்து நடக்கற மாதிரி இருந்தா நீங்க ரெண்டு பேரும் அங்கயே இருங்கப்பா, யாரு வேணாங்கிறது? இல்லைனா பொங்கலுக்கு வரோம். நீங்க என்கூட ஓசூர் வந்துருங்க. அம்மாவை பிரசாத் கூட்டிக்கினு போவான். ரெண்டு பேரையும் ஒரே வூட்ல வெச்சிப் பாக்க எங்க யாருக்கும் வசதி பத்தாது" என்றான் மணிவேல்.

அருணகிரி போனை வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். சந்திரம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் பிரசவத்துக்குப் போன மாதங்களைத் தவிர்த்து இருவரும் தனித்தனியாகச் சோறு தின்றதில்லை. தை பிறக்க நாலு மாதம் இருந்தது.

புரட்டாசிப் பௌர்ணமி அன்று திதி பகல் பதினோரு மணிக்குப் பிறந்தது. அருணகிரி குளித்து, இரண்டு மெட்டியையும் மஞ்சள் துணியில் முடிந்து, வலது இடுப்பில் செருகிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் கட்டிங் பிளேயர் தொங்கிய இடம் அது. எதைச் செருகினாலும் கை அங்கேதான் போகும். ஊர்க் கோயில் வாசலில் நின்று மலையைப் பார்த்தார்.

"நான் சுத்தறது எனக்காக இல்ல. இது அவளோட நடை. என் காலு ரெண்டையும் வேணும்னா அவளுக்குனு எடுத்துக்க" என்றார். நேர்ந்துகொள்ளும்போது மனுஷன் அளந்தா பேசுகிறான்.

மலையைச் சுற்றுகிறவர்கள் இடப்பக்கமாகத்தான் நடக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த முறை. வலப்பக்கம், மலையை ஒட்டிய ஓரம், கண்ணுக்குத் தெரியாமல் சுற்றுகிற சித்தர்களுக்கு. கூட்டம் நெரிக்கும் நாட்களில் இதை யாரும் பார்ப்பதில்லை. அருணகிரி பார்ப்பார். இடப்பக்கமாகவே, வெறுங்காலோடு, கொதிக்கிற தார் ரோட்டில் நடந்தார்.

வாயு லிங்கம் தாண்டியதும் சத்தம் கேட்டது.

டக். டக். டக். தாரில் வெள்ளி படுகிற சத்தம். இடுப்பு முடிச்சுக்குள் மெட்டிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று நினைத்து முடிச்சை இறுக்கினார். சத்தம் இடுப்பிலிருந்து வரவில்லை. கீழே, வலப்பக்கத்தில், ஒரு கை தூரத்திலிருந்து வந்தது. அவர் இரண்டு அடி வைத்தால் அது மூன்று அடி வைத்தது. சந்திரம்மாள் குள்ளம், அவரோடு நடந்தால் எப்போதும் மூன்று அடிதான் வைப்பாள். அவர் நின்றார், அதுவும் நின்றது.

திரும்பிப் பார்க்கலாம்தான். பதினோராயிரம் வோல்ட் கம்பிக்குப் பக்கத்தில் கை கூசாமல் வேலை பார்த்த மனுஷனுக்குக் கழுத்தைத் திருப்பத் தைரியம் வரவில்லை. பார்த்தால் யாரும் இல்லாமல் போய்விட்டால்? யாராவது இருந்துவிட்டால்? இரண்டில் எது தேவலை என்று அவருக்குத் தெரியவில்லை. நேரே பார்த்துக்கொண்டே நடந்தார்.

இடுக்குப் பிள்ளையார் கோயிலில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து வரும்போது தோள்பட்டை கல்லில் சிராய்த்தது. எம லிங்கம் தாண்டிச் செங்கம் ரோட்டில் எல்லம்மாள் என்பவளின் டீக்கடையில் ஒரு டீ குடித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கால் கனத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

சந்திரம்மாள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிடப் போனவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கால் அடுப்பில் வைத்த கல்லாகச் சுட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அபிநயா டேப்பைச் சுற்றிப் பார்த்து, நம்பாமல் மறுபடி சுற்றினாள்.

"இருபத்தெட்டரை! பாட்டி, நாற்காலி பயிற்சி பண்றீங்க போலருக்கே!"

நாற்காலியில் துணி மலை அப்படியே இருந்தது. அருணகிரி தன் காலை நீட்டினார். முப்பத்து நாலரை.

"ஒண்ணரை கம்மி ஆயிருக்கே தாத்தா. வேளாவேளைக்கு சாப்புடறீங்களா?"

சாப்பிடவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு முட்டையையும், தன் பங்குப் பருப்பையும் அவர் சந்திரம்மாளுக்கே போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் சிரித்து மழுப்பினார்.

ஐப்பசியில் மறுபடி நடந்தார். சத்தம் கோயில் வாசலிலிருந்தே கூட வந்தது. அந்த முறை வீடு திரும்பியதும் மஞ்சள் துணியை அவிழ்த்துப் பார்த்தார். மெட்டிகளின் அடிப்பக்கம் தேய்ந்திருந்தது. தார்த் துகள் ஒட்டியிருந்தது. ஒன்றில் ஒரு முள் நுனி சிக்கிக் கிடந்தது. தரையிலேயே படாத மெட்டியில் முள் எப்படி ஏறும்? கொல்லைக்குப் போய்க் குழாயில் கழுவினார். சந்திரம்மாளிடம் மூச்சு விடவில்லை.

அபிநயாவின் அட்டையில் அவளுக்கு முப்பது, அவருக்கு முப்பத்து மூன்று. அன்று அவள் போன பிறகு அருணகிரி அந்த அட்டையைக் கையில் எடுத்துக் கூட்டிப் பார்த்தார். முப்பத்தாறும் இருபத்தேழும் கூட்டினால் அறுபத்து மூன்று. முப்பத்து நாலரையும் இருபத்தெட்டரையும் அறுபத்து மூன்று. முப்பத்து மூன்றும் முப்பதும் அதேதான். நாயன்மார் கணக்கு என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

இது தெரிந்த பிறகும் ஏன் போனார் என்று கேட்டால், அன்று மத்தியானம் சந்திரம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நாலு எண்ணும் வரை நின்றாள். "இன்னாங்க, நான் நிக்கறேங்க" என்று குழந்தை மாதிரி சொன்னாள். அதைப் பார்த்த கண் வேறெதையும் கணக்குப் பார்க்குமா?

கார்த்திகைத் தீபத்தன்று லட்சக்கணக்கில் ஜனம். மூச்சு விட இடமில்லாமல் மனுஷர்மேல் மனுஷராக நகர்ந்தார்கள். அருணகிரியின் இடத் தோளில் இடித்துக்கொண்டே வந்தார்கள், முதுகில் இடித்தார்கள், காலை மிதித்தார்கள். வலத் தோளில் ஒருவர்கூட இடிக்கவில்லை. அங்கே ஒரு ஆள் அகலத்துக்கு வெற்றிடம் அவரோடு நகர்ந்தது. குழந்தையைத் தோளில் தூக்கி வந்த ஒருவன் அந்த இடத்தில் நுழையப் போய், காரணம் தெரியாமல் விலகிச் சுற்றிக்கொண்டு போனான். ஓரக்கண்ணில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. சந்திரம்மாளிடம் பச்சைச் சேலை ஒன்று உண்டு. அவர் மலையுச்சியையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

அந்த மாதம் அவளுக்கு முப்பத்திரண்டு, அவருக்கு முப்பத்தொன்று. அபிநயா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"தாத்தா, ஆம்பளைக்கு முப்பத்து நாலுக்குக் கீழ போனாலே நல்லது இல்ல. உங்களுக்கு மூணே மாசத்துல அஞ்சு சென்டிமீட்டர் போயிருக்கு. ரத்தம் டெஸ்ட் எடுக்கணும். இனிமே கிரிவலம் வேணாம்."

"மார்கழி ஒண்ணு மட்டும்" என்றார் அருணகிரி.

இப்போது சந்திரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்தாள். அருணகிரிக்கோ கக்கூஸில் உட்கார்ந்தால் எழக் குழாயைப் பிடிக்க வேண்டியிருந்தது. படி ஏறும்போது தொடை வெடவெடவென்று ஆடியது. கண்ணாடியில் தன் காலைப் பார்க்க அவருக்கு அவமானமாக இருந்தது. வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டத் தொடங்கினார். ஆனால் கட்டிலிலிருந்து அவள் கால் தரையில் ஊன்றும் சத்தத்தை ஒவ்வொரு நாளும் காது குளிரக் கேட்டார். இரண்டும் நிஜம்.

மார்கழிப் பௌர்ணமிக்கு விடிந்ததும் கிளம்பினார். இடுக்குப் பிள்ளையாரில் புரட்டாசியில் சிராய்த்த கல் இப்போது தோளைத் தொடவேயில்லை. உள்ளே போனவர் எழ முடியாமல், பின்னால் வந்தவர்கள் தூக்கி வெளியே விட்டார்கள். எல்லம்மாளின் கடைக்கு வந்து சேரவே மத்தியானமாகிவிட்டது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

எல்லம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நானும் நாலு மாசமா பாக்கறேன் பெரியவரே. நீங்க மட்டும் ஒத்த டீ வாங்கிக் குடிக்கிறீங்க. அம்மா அந்தாண்ட நின்னுக்கினே இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தா கொறைஞ்சா பூடுவீங்க?"

அருணகிரி டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "எந்த அம்மா?"

"இன்னாங்க கிண்டலா? பச்சைப் பொடவை கட்டிக்கினு, குள்ளமா, உங்ககூடத்தானே வராங்க." ரோட்டுக்கு எதிர்ப்புறம், மலையோரத்தை அவள் கை காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களை அந்தப் பக்கமா நடக்க வுடாதீங்க. அது நம்ம ஆளுங்க நடக்கற பக்கம் இல்ல. அங்க நடந்து பழகிட்டா இந்தப் பக்கம் திரும்ப மனசு வராது. இந்தாண்ட இழுத்துக்கங்க."

இழுத்துக்கொள்வது எப்படி? எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது. கை வலது இடுப்புக்குப் போனது. நாலு மாதமாக அவளை மலைப்பக்கத்திலேயே செருகி வைத்திருக்கிறார், கட்டிங் பிளேயரைச் செருகுவது போல. இடது இடுப்பில் வைத்திருந்தால் மனுஷர் நடக்கிற பக்கத்தில் வந்திருப்பாள். ஒருவேளை வந்தேயிருக்க மாட்டாள்.

நிருதி லிங்கம் தாண்டினால் கடைகள் குறைந்து மரங்கள் அடர்ந்துவிடும். கூட்டம் கொஞ்சம் முன்னால் போய்விட்டது. அருணகிரி நின்று, மஞ்சள் முடிச்சை எடுத்து இடது இடுப்புக்கு மாற்றினார்.

சத்தம் நின்றது.

உடனே தொடைக்குள் சுருக்கென்று ஏதோ ஓடியது. காலில் பிடிமானம் வந்தது. ஆறு அடி வைத்தார். தடுமாற்றமில்லாத, பழைய லைன்மேன் நடை. வெயிலில் மலை சும்மா நின்றது. குரங்குகூடக் கத்தவில்லை. வலப்பக்கம் யாருமே இல்லை என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. இப்படியே வீட்டுக்குப் போகலாம். காலும் மிஞ்சும். போனால் அவள் கட்டிலில் கிடப்பாள். பொங்கலுக்குக் காரில் ஒருத்தன் அவளைத் தூக்கி வைப்பான், ஒருத்தன் இவரை ஏற்றுவான். கால் இருந்து ஓசூரில் யாரைப் பார்க்க நடப்பது?

"வேணாம்" என்று வாய்விட்டே சொன்னார். முடிச்சை எடுத்து வலது இடுப்பில் செருகினார், இந்த முறை தெரிந்தே. "வாடி" என்றார்.

டக். டக். டக்.

அருணகிரிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தார். வருண லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் முழங்கால் மடங்கியது. வலிக்கவேயில்லை, கால் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவுதான். ரோட்டோரத்தில் சாய்ந்துவிட்டார். இதுவரை அவர் நின்றால் நின்ற சத்தம் இப்போது நிற்கவில்லை. அவரைத் தாண்டி முன்னால் போயிற்று. மூன்று மூன்று அடியாக, வேக வேகமாக, ஊர்ப்பக்கம் போய்த் தேய்ந்தது. 'திரும்ப மனசு வராது' என்ற எல்லம்மாளின் குரல் காதில் கேட்டது. "சந்திரா" என்று கூப்பிட்டார். எந்தக் கடவுளையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இரண்டு பேர் அவரைத் தூக்கி ஒரு ஆட்டோவில் உட்கார வைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். கதவு திறந்திருந்தது. சந்திரம்மாள் நிலைப்படியில் நின்றாள், எதையும் பிடிக்காமல். பச்சைச் சேலை. பாதம் இரண்டும் கணுக்கால் வரை புழுதி.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள்.

வந்துவிட்டாளே என்று அருணகிரி அவள் புழுதிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று பிள்ளைகள் ஆளுக்கொரு காரில் வந்தார்கள். அம்மா அடுப்படியில் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் இருந்தார்.

"அப்பாவை நான் பாத்துக்கறேன். யாரும் எங்கயும் வரல. வடை ஆறுது, துன்னுங்க" என்றாள் சந்திரம்மாள். பிள்ளைகள் வடையைத் தின்றுவிட்டு, வந்த காரிலேயே திரும்பிப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை அபிநயா வந்து அருணகிரியைக் கிழித்துத் தொங்கவிட்டாள். "முட்டைய பூரா பாட்டிக்கு ஊட்டிட்டு, பட்டினி கெடந்து பதினாலு கிலோமீட்டர் நடந்தா சதை கரையாம இன்னா பண்ணும்? பாட்டியப் பாருங்க, நாற்காலில உக்காந்து உக்காந்து எழுந்து எப்படி தேறிட்டாங்க!"

"ஆமா கண்ணு, நாற்காலிதான்" என்றாள் சந்திரம்மாள், அருணகிரியின் கண்ணைப் பார்க்காமல். அவளுக்கு முப்பத்து நாலு. அவருக்கு இருபத்தொன்பது. நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துத் தட்டிவிட்டு, அபிநயா அதைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள். இனி தாத்தாவுக்கு.

தைப்பூசப் பௌர்ணமியன்று காலையில் சந்திரம்மாள் தலை குளித்து வந்தாள். மெட்டி இரண்டும் மறுபடி விரலில் இருந்தன, நூலிழையாகத் தேய்ந்து, ஆனால் கெட்டியாக. பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். அருணகிரி இரண்டு முட்டையையும் தின்றுவிட்டு, நாற்காலியைப் பிடித்து மூன்று தடவை எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக் கட்டிலில் கிடந்தார். அவள் பெட்டியிலிருந்து எடுத்தது அவருடைய பழைய கட்டிங் பிளேயர். அதை மஞ்சள் துணியில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள். வலது இடுப்பில்.

"அந்தாண்ட வேணாம்டி! இடது பக்கம் வெய்யி!" என்று அருணகிரி பதறி எழப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதா? நாலு மாசம் அந்தப் பக்கமா வந்தவ நானு." கட்டிலருகே வந்து அவர் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். "எவ்ளோ பேரு தெரியுமா அங்க? கூப்புடுவாங்க. எனக்கு இன்னா பயம்னா, நீங்க ஒரு வாட்டி கூட திரும்பிப் பாக்கல. நான் உங்க மூஞ்சியவே பாத்துக்கினு வந்தேன். அதனாலதான் வந்து சேந்தேன்."

அருணகிரிக்கு வெட்கத்தில் முகம் சுருங்கியது. "பயமா இருந்திச்சி" என்றார்.

"தெரியும். நான் பாப்பேன், பயப்படாதீங்க. நமக்கு மிச்சம் இருக்கறது ரெண்டு பேருக்கும் சேத்து அறுவத்து மூணு. மாத்தி மாத்தி வெச்சிக்கலாம். நீங்க என் மூஞ்சியவே பாருங்க. அந்தாண்ட யாரு பேசினாலும் திரும்பாதீங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். டக் டக் என்று தெருமுனை வரை கேட்டது. அருணகிரி விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் சுடத் தொடங்கியது. போர்வைக்குள் கால் அசையவில்லை. ஆனால் காலடியில் தார் ஓடிக்கொண்டிருந்தது. கூழாங்கல் குத்தியது. மலைக்காற்று வலக் காதில் அடித்தது. அந்தக் காதருகே யாரோ பலர், வெகு பலர், அவசரமில்லாமல் நடந்து வந்தார்கள். ஒரு கிழக்குரல் மிக அன்பாகக் கேட்டது: "புதுசா?"

அவர் திரும்பவில்லை. இடப்பக்கத்தையே பார்த்தார். கூட்டத்துக்கு நடுவே ஒரு பச்சைச் சேலை, குள்ளமான உருவம், மூன்று மூன்று அடியாக. பத்தடிக்கு ஒரு தரம் அவள் கழுத்தைத் திருப்பி, யாருமே இல்லாத வலப்பக்கத்தைப் பார்த்து, சிரித்துவிட்டு நடந்தாள். எதிரே வந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

மத்தியானம் ஆகியிருக்கும். சாத்திய வீட்டுக்குள், வேறு யாரும் இல்லாத அறையில், செங்கம் ரோட்டு இரைச்சல் அருணகிரிக்குத் தெளிவாகக் கேட்டது. டீக்கடைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் மெட்டிச் சத்தம் நின்றது.

"ரெண்டு டீ குடும்மா" என்றாள் சந்திரம்மாள்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம், மலையோரத்துக் கல்லில், எல்லம்மாள் ஒரு டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. அருணகிரி கண்ணை மூடிக்கொண்டார். நாக்கில் சூடாக இறங்கியது. சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி.